ஒரு கட்டத்துக்குள் ஒரு சிரிப்பு

(சங்கத்தின் ஆண்டு விழாவில், சித்திரப் போட்டி நடுவர்களின் சார்பில் ஆற்றிய உரை)



இவ்வாண்டு நம் சங்கம் நடத்திய நகைச்சுவைச் சித்திரப் போட்டியின் முடிவு அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பெற்ற நாள் முதலாகக் காலனியில் இரண்டு கட்சிகள் தோன்றிவிட்டன. முதற்பரிசு பெற்ற படத்தில் ஒரு தமிழ் எழுத்துக்கூட இல்லையே, தமிழ்ச் சங்கம் இதற்கு எங்ஙனம் பரிசு வழங்கலாம் என்பது ஒரு கட்சி. அப்படம் நம் குடும்பங்களைப் பிறர் முன்னிலையில் நகைப்புக்கு இடமாக்குகிறது என்பது மற்றொரு கட்சி. இரண்டும் எதிர்க்கட்சிகளே; ஆளும் கட்சியில் நடுவர்கள் மூவர் மட்டுமே இருக்கிறோம். ஆகவே, எந்த அளவுகோலைக் கொண்டு அளந்தோம் என்பதை அவையில் எடுத்துரைக்குமாறு செயற்குழு என்னைப் பணித்திருக்கிறது.

நான் ஓவியம் பயின்றவன் அல்லன். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, ரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் கழிப்பவன். ஆயினும் பத்திரிகைச் சித்திரங்களை ஏழு வயது முதலாகப் பார்த்து வருகிறேன். சென்னையிலிருந்து ரயிலில் வந்து சேரும் வார இதழைப் பெரியவர்கள் தொடர்கதைக்காகப் பிரிப்பார்கள். நாங்கள் படத்துக்காகப் பறிப்போம். பள்ளியில் வங்காளமும் ஆங்கிலமும் படித்த என்னைப் போன்ற பலருக்குத் தமிழ் எழுத்து பழகியது பாடநூலில் அன்று. படத்தின் கீழே இருந்த இரண்டு வரிகளில்தான். ஆகையால் அந்த இரண்டு வரிகளிடம் எனக்குப் பகை ஏதும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒற்றைக் கட்டச் சித்திரம் என்பது மிகவும் நெருக்கடியான இடம். கதைக்கு முன்னும் பின்னும் உண்டு. நாடகத்துக்குக் காட்சி மாறும். இதற்கோ ஒரே கணம். அந்தக் கணத்தில் ஒன்றோடொன்று சேராத இரண்டைச் சேர்த்து வைத்துவிட்டு, வரைபவர் விலகிக்கொள்ள வேண்டும். மூன்றாவது அடியைப் பார்ப்பவரே எடுத்து வைக்க வேண்டும். அந்த அடியை அவர் தாமே எடுத்து வைக்கும்போதுதான் சிரிப்புப் பிறக்கிறது. வரைபவரே கையைப் பிடித்து அழைத்துச் சென்றால் சிரிப்பு வருவதில்லை. மரியாதைக்குப் புன்னகைதான் வரும்.

இதற்கு அச்சு இயந்திரம்கூட வேண்டியதில்லை. மாமல்லபுரத்தில் 7ஆம் நூற்றாண்டில் பல்லவர் காலத்துச் சிற்பிகள் செதுக்கிய பெரும் பாறைச் சிற்பத்தை உங்களில் பலர் கண்டிருப்பீர்கள். அருச்சுனன் தவம் என்பர் சிலர். பகீரதன் தவம் என்பர் சிலர். எவர் தவமாயினும் ஆகுக. ஒற்றைக் காலில் நின்று இரு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்தி, விலா எலும்பு தெரிய ஒரு முனிவர் நிற்கிறார். கீழே, யானைகளின் அருகில், அதே போலக் கைகளை உயர்த்திக்கொண்டு ஒரு பூனை நிற்கிறது. அதைச் சுற்றி எலிகள் இருக்கின்றன. ‘இது போலித் துறவி’ என்று கல்லில் ஒரு எழுத்தும் பொறிக்கவில்லை. முனிவரின் கை எப்படியோ பூனையின் கையும் அப்படியே, எலி பக்கத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். தேவர்களும் நாகர்களும் நிறைந்த, ஏறத்தாழ 30 மீட்டர் நீளமுள்ள அந்தப் பாறையில் குழந்தைகள் முதலில் கண்டுபிடிப்பது அந்தப் பூனையைத்தான்.

இந்தப் பூனை நாம் வாழும் ஊரிலும் இருக்கிறது. காளிகட்டம் நமக்குத் தொலைவில் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் அந்தக் கோயிலைச் சுற்றி இருந்த பட்டுவா ஓவியர்கள், வழிபட வந்தவர்களுக்கு மலிவான விலையில் படங்கள் வரைந்து விற்றார்கள். தெய்வப் படங்களோடு ஊர் நடப்பைக் கேலி செய்யும் படங்களும் விற்றன. அவற்றுள் பெயர் பெற்றது ஒரு பூனை. நெற்றியில் வைணவத் திலகம். வாயில் ஓர் இறால். திலகத்தை மட்டும் வரைந்தால் அது பக்திப் படம். இறாலை மட்டும் வரைந்தால் அடுக்களைப் படம். இரண்டும் ஒரே முகத்தில் சேர்ந்தபோது வேடதாரியின் கதை முழுவதும் வந்துவிட்டது. காளிகட்டப் படங்களின் பெருந்தொகுதி ஒன்று இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நாம் பேருந்தில் கடந்து போகும் தெருவில் பிறந்த சிரிப்பு அது. பல்லவச் சிற்பியும் வங்கத்துப் பட்டுவாவும் ஒருவரை ஒருவர் அறிய மாட்டார்கள்; ஆனால் இருவரும் பூனையிடம் ஒன்றையே கண்டார்கள்.

தமிழ்ப் பத்திரிகையில் அரசியல் சித்திரத்துக்கு முன்னோடி மகாகவி பாரதியார். 1906இல் சென்னையில் தொடங்கிய ‘இந்தியா’ வாரப் பத்திரிகையில் அவர் சித்திரங்களை வெளியிட்டார். அதே ஆண்டின் இறுதியில் காங்கிரஸ் மகாசபைக்காக அவர் கல்கத்தா வந்ததும், நிவேதிதா தேவியாரைக் கண்டதும் நாம் இங்கே பெருமையோடு நினைப்பவை. ‘இந்தியா’வின் சித்திரங்களில் உருவங்களுக்குப் பெயர் எழுதியிருக்கும், படத்தோடு விளக்கமும் தந்திருப்பார்கள். சித்திர மொழி பழகாத வாசகருக்கு அரசியலைக் கற்பிக்க வந்தவை அவை. அந்தக் காலத்துக்கு விளக்கம் தேவைப்பட்டது. இன்று அதே முறையைக் கையாள்வதற்கு அந்தக் காரணம் இல்லை. நம் போட்டிக்கு வந்த ஒரு படத்தில் ஓர் அரக்கன் இருந்தான். வயிற்றில் ‘விலைவாசி’ என்று எழுதியிருந்தது. மெலிந்த மனிதர் ஒருவர் மேல் ‘பொதுமக்கள்’ என்றும், கிழிந்த குடை ஒன்றின் மேல் ‘திட்டங்கள்’ என்றும் எழுதியிருந்தன. கோடுகள் உறுதியானவை, வரைந்தவருக்குக் கை நன்றாக ஓடுகிறது. ஆனால் படத்தில் நாம் செய்ய ஒன்றுமே மிஞ்சவில்லை. பொட்டலத்தின் மேல் ஒட்டிய சீட்டைப் படிப்பது போலப் படித்துவிட்டு நகர்ந்தோம். சீட்டுப் படிக்கும் வேலை எனக்கு அலுவலகத்திலேயே போதுமான அளவு இருக்கிறது.

பிறகு ஆனந்த விகடனின் காலம் வந்தது. 1928இல் எஸ்.எஸ். வாசன் அதனை வாங்கிய பின் நகைச்சுவைச் சித்திரம் தமிழ் வீடுகளுக்குள் குடிபுகுந்தது. மாலி வரைந்தார். மகாலிங்கம் என்பது அவர் இயற்பெயர். புல்லாங்குழல் மாலி வேறு, இவர் வேறு. அவர் சங்கீத வித்துவான்களைச் சில கோடுகளில் பிடித்து நிறுத்திவிடுவார். ராஜு வரைந்தார். கோபுலு வரைந்தார். 1924இல் பிறந்து 2015இல் மறைந்த கோபுலு, வாசகமே இல்லாத நகைச்சுவைப் படங்களுக்குப் பெயர் பெற்றவர். தஞ்சை மண்ணின் மனிதர்கள் உட்காரும் விதமும், துண்டை உதறும் விதமும், பந்தியில் இலையைப் பார்க்கும் விதமும் அவருக்குப் பாடமாகியிருந்தன. அவ்வாறு பார்த்து வைத்திருந்தவருக்கு வாசகம் எதற்கு?

ஆனால் எல்லாப் பக்கங்களும் கோபுலு ஆகிவிடவில்லை. நம் வார இதழ்களில் இன்னொரு வகையும் பெருகியது. டாக்டரும் நர்ஸும் நிற்பார்கள். மன்னரும் அமைச்சரும் நிற்பார்கள். மேனேஜரும் டைப்பிஸ்டும் நிற்பார்கள். படம் எப்போதும் இரண்டு தலைகள்தாம். கீழே உரையாடல். சென்ற வாரத்து டாக்டரை இவ்வாரத்து உரையாடலுக்கு மேல் ஒட்டினாலும் எவரும் கண்டுபிடிக்க முடியாது. இவை கெட்டவை என்று நான் சொல்லவில்லை, நன்றாகச் சிரித்திருக்கிறேன். ஆனால் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும்.

அதற்கு எளிய சோதனை ஒன்றை நடுவர்கள் கையாண்டோம். படத்தைக் கையால் மறைத்துக்கொண்டு வாசகத்தை மட்டும் படியுங்கள். முழுச் சிரிப்பும் வந்துவிட்டால் அது துணுக்கு. படத்துக்கு அங்கே சம்பளம் உண்டு, வேலை இல்லை. அடுத்து வாசகத்தை மறைத்துப் படத்தை மட்டும் பாருங்கள். அப்போதே முழுச் சிரிப்பும் வந்துவிட்டால், வாசகத்தை எடுத்துவிடலாம். இரண்டையும் தனித்தனியே மறைத்தால் ஒன்றுமில்லாமலும், இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ‘ஆ!’ என்றும் இருந்தால், அங்கேதான் படமும் சொல்லும் ஒன்றுக்கொன்று துணை நிற்கின்றன.

இந்தச் சோதனையில் புகழ் பெற்ற படங்களும் தப்புவதில்லை. 1987இல் ஆனந்த விகடனின் அட்டையில் வந்த நகைச்சுவையை மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். மேடையில் இருக்கும் இருவரில் சட்டமன்ற உறுப்பினர் எவர், அமைச்சர் எவர் என்று ஒருவர் கேட்க, ஒருவரை ஜேப்படிக்காரருக்கும் மற்றவரை முகமூடிக் கொள்ளைக்காரருக்கும் ஒப்பிட்டு அடுத்தவர் அடையாளம் சொல்வதாக அமைந்தது அது. அதற்காகத் தமிழக சட்டமன்றம் ஆசிரியர் எஸ். பாலசுப்பிரமணியனுக்கு மூன்று மாதச் சிறைத் தண்டனை விதித்தது. நாடெங்கும் எதிர்ப்பு எழவே, சில நாட்களில் அவர் விடுவிக்கப்பட்டார். அவர் அத்துடன் விடாமல் வழக்காடினார். 1994இல் சென்னை உயர்நீதிமன்றம் அடையாளமாக 1,000 ரூபாய் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. பத்திரிகைச் சுதந்திர வரலாற்றில் அந்த அட்டைக்கு உயர்ந்த இடம் உண்டு. ஆயினும் கையால் மறைத்துப் பாருங்கள். படமே இல்லாமல் தேநீர்க் கடையில் சொன்னாலும் அந்தச் சிரிப்பு குறையாது. வரலாறு அதற்கு முதற்பரிசு தரலாம். சித்திரப் போட்டியில் நான் தரமாட்டேன்.

இதற்கு நேர் எதிரான ஒன்றைச் சொல்கிறேன். 1975 டிசம்பரில், நெருக்கடி நிலை நடந்துகொண்டிருந்தபோது, கேரளத்தைச் சேர்ந்த அபு ஆபிரகாம் ‘இந்தியன் எக்ஸ்பிரஸ்’ இதழில் ஒரு படம் வரைந்தார். குடியரசுத் தலைவர் குளியல் தொட்டியில் இருக்கிறார். திறந்த கதவின் வழியே, கையொப்பம் இட்ட தாளை வெளியே நீட்டுகிறார். இன்னும் அவசரச் சட்டங்கள் இருந்தால் சற்றுக் காத்திருக்கச் சொல்லுமாறு கூறுகிறார். அந்தச் சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டால், எந்த அலுவலகத்திலும் பிற்பகல் மூன்று மணிக்குக் கேட்கும் பேச்சு. என் மேலதிகாரி தினமும் சொல்வது. படத்தை மட்டும் பார்த்தால், ஒருவர் குளிக்கிறார். இரண்டும் சேர்ந்தால், ஒரு நாட்டின் சட்டங்கள் எவ்வளவு யோசனைக்குப் பின் பிறந்தன என்பது தெரிந்துவிடுகிறது. எவரையும் ஒரு வசைச் சொல்லும் சொல்லவில்லை. பட்டம் கட்டிய அரக்கன் எவனும் இல்லை.

இரண்டு தலைகள் பேசும் படமே ஆகாது என்றும் சொல்ல வேண்டாம். ஆர்.கே. லட்சுமண் 1951 முதலாகப் பல்லாண்டுகள் ‘டைம்ஸ் ஆப் இந்தியா’வில் வரைந்த சிறு சித்திரங்களில் அமைச்சர்களும் அதிகாரிகளும் ஓயாமல் பேசிக்கொள்வார்கள். ஆனால் மூலையில் கட்டம் போட்ட கோட்டு அணிந்த பொதுமனிதர் வாய் திறவாமல் நிற்பார். அவரைக் கையால் மறைத்துப் பாருங்கள்; அமைச்சர் வெறுமனே பேசுகிறார். கையை எடுங்கள்; அமைச்சர் அகப்பட்டுக்கொண்டார். பேசாத ஒருவரைக் கொண்டு பேச்சையெல்லாம் படமாக்கிய வித்தை அது.

கணத்தைத் தேர்ந்தெடுப்பதும் பெரிய காரியம். வாழைப்பழத் தோலில் வழுக்கி விழுந்தவரை வரைந்தால் அது விபத்து. உடனே ஆம்புலன்ஸ் நினைவு வரும். செய்தித்தாளில் முகம் புதைத்து வருபவரின் கால், தோலுக்கு மேல் ஓரங்குலம் உயர்ந்திருக்கும்போது வரைந்தால் அது சித்திரம். விழுவது நம் மனத்தில் நடக்கும்.

ரயில் படங்களைப் பற்றி ஒன்று சொல்லாவிட்டால் என் தொழிலுக்குத் துரோகம். போட்டிக்கு வந்த ரயில்கள் அனைத்தும் புகை கக்கின. மேலே மின்கம்பியும் ஓடியது! அகலப் பாதையில் நீராவி இழுவை 1990களிலேயே முடிந்தது. ஆனால் அதற்காக எவருடைய மதிப்பெண்ணையும் குறைக்கவில்லை. புகை என்பது ரயிலுக்குச் சித்திர மொழியில் அடையாளம். சிரிப்பு அதன் மேல் நிற்கவில்லை. ஆனால் கைகாட்டியை வைத்தே சிரிக்க வைக்க முனைந்த ஒரு படத்தில், வண்டியை நிறுத்தும் கைகாட்டி போகச் சொல்லும் நிலையில் இருந்தது. அங்கே விவரம் தவறினால் சிரிப்பும் தடம் புரண்டுவிடும்.

இனி, அறிமுகம் என்னும் சிக்கல். படம் விட்டுவைக்கும் மூன்றாவது அடியைப் பார்ப்பவர் எடுத்து வைக்க வேண்டுமென்றால், வழி அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கல்கத்தாத் தமிழருக்கு இது அன்றாட அனுபவம். அலுவலகத்தில் ஒரு தமிழ்ச் சித்திரத்தைப் பார்த்துச் சிரித்தால், பக்கத்து மேசை வங்காள நண்பர் ‘என்ன, என்ன?’ என்பார். சிலேடைச் சிரிப்பானால், மொழிபெயர்த்து முடிப்பதற்குள் அது செத்துவிடும். சில படங்களைத் திருப்பிக் காட்டினால் போதும், அவரும் சிரிப்பார். இதற்கு மறுபுறமும் உண்டு. 2012இல் இந்நகரில் ஒரு கேலிப்படத்தை மின்னஞ்சலில் அனுப்பியதற்காக யாதவ்பூர் பல்கலைக்கழகப் பேராசிரியர் அம்பிகேஷ் மகாபாத்திரா கைது செய்யப்பட்டார். 2023 ஜனவரியில்தான் நீதிமன்றம் அவரை அவ்வழக்கிலிருந்து விடுவித்தது. அந்தப் படம் சத்யஜித் ராயின் ‘சோனார் கெல்லா’ திரைப்படத்து வசனத்தைத் தழுவியது. 1974இல் வந்த அந்தப் படம் வங்காளக் குழந்தைகளுக்கெல்லாம் மனப்பாடம். அதைப் பார்த்திராத என் உறவினர் ஒருவர், ஊரிலிருந்து தொலைபேசியில் ‘இதில் சிரிக்க என்ன இருக்கிறது, சிறைக்கு அனுப்பத்தான் என்ன இருக்கிறது?’ என்று கேட்டார். இரண்டாவது கேள்விக்கு என்னிடமும் விடை இல்லை.

நிற்க. முதற்பரிசுப் படத்துக்கு வருவோம். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி வரைந்தது. அறையில் ஒரு மேசை. அதன் மேல் கைப்பேசி சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. திரையில் ஊரிலிருக்கும் பாட்டி, ஆசி கூறும் கையோடு, முகமெல்லாம் மலர்ச்சியாக இருக்கிறார். எதிரே பேரன். நெற்றி நிறைய மூன்று பட்டை விபூதி. தோளில் பட்டு அங்கவஸ்திரம். கண்கள் பாதி மூடியிருக்கின்றன. மேசைக்குக் கீழே கால்பந்துக் கால்சட்டை. மறைத்துப் பிடித்த இடக்கையில், பாதி கடித்த எக் ரோல். கைப்பேசிக்குப் பின்னால், விபூதிச் சம்புடத்தைக் கையில் ஏந்தியபடி தாயார் மூச்சடக்கி நிற்கிறார். வாசகம் இல்லை.

விபூதியும் எக் ரோலும்! அந்தச் சிறுமி காளிகட்டத்துப் பூனையைக் கண்டவள் அல்லள். கேட்டேன், தெரியாது என்றாள். திலகமும் இறாலும் அவள் வீட்டுக் கூடத்தில் தாமே வந்து சேர்ந்திருக்கின்றன. ஆனால் அவள் பூனையை மட்டும் வரையவில்லை. தாயாரின் முகத்தைப் பாருங்கள். அதில் கள்ளம் இல்லை. பாட்டி வருந்தக் கூடாதே என்ற தவிப்புத்தான் இருக்கிறது. எலிக்காகத் தவம் செய்யும் பூனைக்கும், பாட்டிக்காக விபூதி அணியும் பேரனுக்கும் உள்ள வேறுபாட்டை அந்த முகம் காட்டிவிடுகிறது. நகை பிறக்கும் இடங்களாகத் தொல்காப்பியம் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கைக் கூறுகிறது. எள்ளலில் தொடங்கிய படம் இளமையில் வந்து நிற்கிறது. நடுவர் மூவரும் சிரித்தோம். பிறகு சிறிது நேரம் எவரும் பேசவில்லை. மூவர் வீட்டிலும் ஊரில் ஒரு பாட்டி உண்டு.

தமிழ் எழுத்து இல்லை என்ற கட்சிக்கு என் விடை இது. அந்தச் சிறுமிக்குத் தமிழ் பேச வரும், படிக்கத் திணறுவாள். அவளுக்குத் தெரிந்த தமிழ் வீடு முழுவதும் அந்தக் கட்டத்துக்குள் இருக்கிறது. அதன் கீழே நான்கு வரி தமிழில் எழுதி அனுப்பியிருந்தால், வேறு எவரோ எழுதிக் கொடுத்தது என்று நாமே சொல்லியிருப்போம். தமிழ் நடைக்காகப் பரிசு பெற வேண்டிய உரையாடல் ஒன்றும் வந்திருந்தது. மாமியார், மருமகள் இருவரும் மின்கட்டணத்தைப் பற்றிப் பேசுவது; சொற்கள் சுடர்விட்டன. அதனைப் படமின்றி மலரின் துணுக்குப் பகுதியில் சேர்த்திருக்கிறோம். எழுதியவர் சற்று வருத்தத்தோடு இசைந்தார், அவருக்கு நன்றி.

இழிவு என்ற கட்சிக்குச் சொல்வேன்: இந்நகரின் ஜோராசங்கோ மாளிகையில் வாழ்ந்த ககனேந்திரநாத் தாகூர், 1917இல் ‘அத்புத லோக்’ என்ற சித்திரத் தொகுதியில் எவரைக் கேலி செய்தார்? தம் சொந்த வகுப்பாரான வங்காளக் கனவான்களைத்தான். தம் சிற்றப்பா முறையினரான இரவீந்திரநாதரையும் அவர் தூரிகை விட்டுவைக்கவில்லை. தாகூர் குடும்பத்தின் பெருமை அதனால் ஒரு துளியும் குறைந்ததாகத் தெரியவில்லை. அடுத்த வீட்டாரைப் பார்த்துச் சிரிக்கும் படங்கள் நம் போட்டிக்கு நிறையவே வந்தன. ‘பாபு மோஷாய்’ மீனோடு நிற்கும் படங்கள் மட்டும் ஒரு கட்டு இருந்தது. அவற்றை எவரும் இழிவு என்று குறை கூறவில்லை. தன் வீட்டைப் பார்த்துச் சிரித்தவள் ஒருத்திதான்.

அந்தப் படத்தை என் அலுவலகத்து வங்காள நண்பருக்குக் காட்டினேன். எக் ரோலைக் கண்டதும் சிரித்தார். விபூதியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பெங்களூரில் வேலை பார்க்கும் தம் மகளும், தாயார் அழைக்கும்போது மட்டும் அறையைப் பெருக்குவதாகச் சொன்னார்.

படம் ஆண்டு மலரில் முழுப் பக்கமாக வருகிறது. கீழே என்ன தலைப்புப் போடுவது என்று அச்சகத்தார் நேற்று மாலை தொலைபேசியில் கேட்டார்கள். சிறுமியைக் கேட்டோம், அவள் தாயாரைப் பார்த்தாள், தாயார் சிரித்துக்கொண்டே வேண்டாம் என்று தலையசைத்தார். தலைப்பின்றியே அச்சிடுமாறு எழுதிக் கொடுத்திருக்கிறோம்.